நிவாரணத்தின் அளவுகோல்

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. வீட்டுச் செலவுக்கு மட்டுமன்றி அறச் செலவுக்கும் இது பொருந்தும். புயலிலும் வெள்ளத்திலும் பஞ்சத்திலும் சிக்கியவர்களுக்காக அரசாங்கமும் பொதுமக்களும் கொடுக்கும் பணம் வானத்திலிருந்து விழுந்ததன்று. அது வரி கட்டியவர்களின் பணம். உண்டியலில் காசு போட்டவர்களின் பணம். அந்தப் பணம் முறையாகச் செலவாகிறதா, செலவுக்கேற்ற பயனைத் தருகிறதா என்று கேட்பது நம் கடமை. ஆயினும், அளக்கத் தொடங்குமுன் எந்தப் படியால் அளக்கிறோம் என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். படியே குறைபட்டதாக இருந்தால், எவ்வளவு கவனமாக அளந்தாலும் கணக்குப் பிழைபடும். நெல் அளக்கையில் அந்தப் பிழையால் சில மரக்கால் குறையும். நிவாரணம் அளக்கையில் மனித உயிர்கள் குறையும்.

இவ்வுண்மையை நாட்டுக்குக் கற்பித்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதன் ஒரு முனை தில்லியிலும் மறு முனை தமிழகத்திலும் இருக்கிறது.

தில்லியில் வாழும் நேயர்களில் பலர், நகரின் வடகோடியில் புராரிச் சாலையை ஒட்டிய கொரொனேஷன் பூங்காவைப் பார்த்திருக்கக்கூடும். இந்தியா கேட்டுக்கு அருகிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் சிலை இப்போது அங்கேதான் நிற்கிறது. 1877, 1903, 1911 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆங்கிலேயரின் பெரிய தர்பார்கள் அந்த வட்டாரத்திலேயே நடந்தன. அவற்றுள் முதலாவது 1877ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியன்று கூடியது. விக்டோரியா ராணியை இந்தியாவின் சக்கரவர்த்தினியாக வைஸ்ராய் லிட்டன் பிரபு பிரகடனம் செய்தார். சமஸ்தானாதிபதிகளும் அதிகாரிகளும் பரிவாரங்களுமாகப் பல்லாயிரவர் அங்குத் திரண்டிருந்தனர்.

அதே நாட்களில் சென்னை ராஜதானி பட்டினியில் கிடந்தது. 1876ஆம் ஆண்டு மழை பொய்த்தது. பெல்லாரி, கர்நூல், கடப்பை, வட ஆற்காடு, சேலம், கோயம்புத்தூர் முதலிய ஜில்லாக்களில் பயிர் கருகியது. தானியத்தின் விலை ஏழையின் கைக்கு எட்டாத உயரத்துக்கு ஏறியது. நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் 'தாது வருஷப் பஞ்சம்' என்று நடுக்கத்தோடு சொல்லிவந்த பஞ்சம் இதுவே. தர்பார் நடந்த அதே ஜனவரி மாதத்தில், சென்னை ராஜதானியின் நிவாரணச் செலவு மிகுந்துவிட்டதா என்று நேரில் ஆராய்ந்து அதைக் கட்டுப்படுத்துவதற்காக ஒரு பிரதிநிதியை இந்திய சர்க்கார் அனுப்பியது. அவர் பெயர் ஸர் ரிச்சர்ட் டெம்பிள். தர்பாருக்கு ஆன செலவை எந்தப் பிரதிநிதியும் இப்படிப் போய் அளக்கவில்லை என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

டெம்பிள் இரக்கமற்றவர் என்று சொல்லிக் கதையை முடித்துவிட இயலாது. மூன்று ஆண்டுகளுக்கு முன், 1873-74இல், பீஹாரிலும் வங்காளத்தின் சில பகுதிகளிலும் விளைச்சல் குறைந்தபோது நிவாரண வேலையை நடத்தியவர் அவரேதான். பர்மாவிலிருந்து ஏறத்தாழ 4½ லட்சம் டன் அரிசி வரவழைக்கப்பட்டது. தாராளமாக வேலையும் உணவும் அளிக்கப்பட்டன. பட்டினிச் சாவு என்பது அநேகமாக இல்லாமலே அந்தப் பஞ்சம் கடந்தது. ஆனால் முடிவில் ஏறத்தாழ ஒரு லட்சம் டன் தானியம் மிஞ்சிவிட்டது. 'பணத்தை வாரி இறைத்துவிட்டார்' என்று அதிகாரிகளும் பத்திரிகைகளும் டெம்பிள்மீது பாய்ந்தனர். மிஞ்சிய அரிசி கண்ணுக்குத் தெரிந்தது. அதை எண்ண முடிந்தது. சாகாமல் இருந்தவர்களை எண்ண எந்தப் பேரேட்டிலும் பத்தி இல்லை. தன் உத்தியோக வாழ்வின் சிறந்த செயலுக்காக வசை வாங்கிய மனிதர், அடுத்த முறை அந்த வசைக்கு இடம் கொடுக்கக்கூடாது என்ற உறுதியோடு சென்னைக்கு வந்தார்.

வந்தவர் நிவாரணக் கூலியைக் குறைத்தார். நாள் முழுதும் மண் வெட்டிச் சுமக்கும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியம், அதன்மேல் ஓரணா. பெண்ணுக்கும் வேலை செய்யும் குழந்தைக்கும் அதனினும் சற்றுக் குறைவு. ஒரு ராத்தல் என்பது இன்றைய கணக்கில் சுமார் 450 கிராம். 'டெம்பிள் கூலி' என்று சரித்திரத்தில் பெயர் பெற்றது இதுதான். தலைக்கு இவ்வளவு என்று செலவு கணிசமாகக் குறைந்தது. கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்ப்பவர்க்கு இது பெரிய வெற்றி.

கணக்குப் புத்தகத்துக்கு வெளியே பார்த்தவர் ஒருவர் சென்னையில் இருந்தார். ராஜதானியின் சுகாதாரக் கமிஷனரான டாக்டர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ், தொழிலால் வைத்தியர். அவர் ரூபாயைப் பார்க்கவில்லை, உடம்பைப் பார்த்தார். சிறையில் அடைபட்ட கைதிக்குக் கிடைப்பதைவிடக் குறைந்த உணவை உண்டு, வெயிலில் மண் சுமக்கும் உடம்பு எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டார். குறைந்தபட்சம் ஒன்றரை ராத்தல் தானியமும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று எழுத்துமூலம் வாதாடினார். 1877 மார்ச்சில் சென்னை சர்க்கார் பாதி இறங்கி வந்தது. தானியம் ஒன்றேகால் ராத்தலாயிற்று. ஒன்றரை அவுன்சு பருப்பும் சேர்ந்தது. ஆனால் அதற்குள் பல வாரங்கள் கழிந்திருந்தன. அந்த ஆண்டு மழையும் ஏமாற்றியது. வயிற்றுப்போக்கும் காலராவும் பின்னர் மலேரியாக் காய்ச்சலும், பட்டினியால் ஏற்கெனவே சோர்ந்திருந்த உடம்புகளை எளிதில் கொண்டுசென்றன. சென்னை, மைசூர், பம்பாய், ஐதராபாத் பகுதிகளில் பரவிய அப்பஞ்சத்தில் 50 லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டதாகப் பிற்காலக் கணக்குகள் கூறுகின்றன. அதனினும் மிகுதி என்று சொல்லும் ஆராய்ச்சியாளரும் உளர்.

பீஹார்ப் பஞ்சமும் தாது வருஷப் பஞ்சமும் ஒரே அளவினவல்ல. பின்னது மிகப் பரந்தது. இரண்டு பருவங்களைத் தின்றது. ஆகவே சாவு முழுவதற்கும் ஒரு ராத்தல் கூலியே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. எனினும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு பாடம் தெளிவாகிறது.

அது ஒரு வகுத்தல் கணக்கு. மொத்தச் செலவை எதனால் வகுக்கிறோம்? வரிசையில் நின்று கூலி வாங்கியவர்களின் தொகையால் வகுத்தால், சென்னையில் தலைக்கு ஆன செலவு குறைவு; டெம்பிள் கூலி சிக்கனமானது. பஞ்சம் தீர்ந்தபின் உயிரோடு ஊர் திரும்பி, மீண்டும் ஏர் பிடித்தவர்களின் தொகையால் வகுத்தால் கணக்குத் தலைகீழாக மாறும். அரை வயிற்றுக்கு உணவு கொடுத்து, மூன்று மாதம் கழித்து அந்த மனிதன் இறந்துபோனால், கொடுத்த அத்தனை ராத்தலும் வீண் செலவே. யானைப் பசிக்குச் சோளப்பொரி கொடுத்துவிட்டு, பொரி மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்வதில் பொருள் இல்லை. நிவாரணத்தில் பெரிய விரயம் பல சமயங்களில் அதிகம் கொடுப்பதால் வருவதன்று. போதாமல் கொடுப்பதாலும், காலம் கடந்து கொடுப்பதாலும் வருவது.

இந்தப் பாடத்தைச் சர்க்காரும் ஓரளவு கற்றது. 1878இல் ஸர் ரிச்சர்ட் ஸ்ட்ராச்சி தலைமையில் பஞ்சக் கமிஷன் ஒன்று நியமிக்கப்பட்டு, 1880இல் அறிக்கை தந்தது. 1883இல் பஞ்ச நிவாரண விதித் தொகுப்பு உருவாயிற்று. மழை குறைதல், விலை ஏறுதல், மக்கள் கூட்டமாக ஊரைவிட்டுக் கிளம்புதல் ஆகிய அறிகுறிகளை ஜில்லா அதிகாரிகள் முன்கூட்டியே கவனிக்க வேண்டும். உடம்பு தளருமுன் வேலையும் உணவும் தொடங்க வேண்டும் என்பவை அதன் அடிப்படைக் கருத்துகள். அந்த விதிகளின் மதிப்பு, அவற்றைப் பயன்படுத்தாமல் விட்டபோது இன்னும் தெளிவாகப் புலப்பட்டது. 1943இல் வங்காளத்தில் பஞ்சம் என்று சர்க்கார் பிரகடனம் செய்யவேயில்லை. விதித் தொகுப்பு அலமாரியில் உறங்கியது. சுமார் 30 லட்சம் பேர் மாண்டனர் என்று கணக்கிடப்படுகிறது.

இனி, நம் காலத்துக்கு வருவோம். இன்று அரசாங்கத் தணிக்கையாளரும் உலகின் பெரிய நிவாரண நிறுவனங்களும் செலவுக்கேற்ற பயனை அளக்க மூன்று சொற்களைக் கையாள்கின்றனர். முதலாவது சிக்கனம்: வாங்கும் பொருளைத் தக்க விலைக்கு வாங்கினோமா? இரண்டாவது செயல்திறன்: அந்தப் பொருள் சேதமின்றி, தாமதமின்றி உரியவரிடம் சேர்ந்ததா? மூன்றாவது பலன்: சேர்ந்தபின் அவர் துன்பம் தீர்ந்ததா? நான்காவதாக நீதி என்ற ஒன்றையும் இப்போது சேர்த்துக்கொள்கின்றனர்: எளிதில் எட்டக்கூடியவர்க்கு மட்டும் கொடுத்துவிட்டு, எட்டாதவர்களை விட்டுவிட்டோமா? டெம்பிள் கூலி முதல் தேர்வில் வென்றது, மூன்றாவதில் தோற்றது.

இரண்டாவது தேர்வைப் பற்றி நம் நாட்டில் பெரிதும் பேசப்பட்டதுண்டு. ஏழைகளுக்காகச் செலவிடப்படும் ஒரு ரூபாயில் 15 காசுதான் அவர்களைச் சேருகிறது என்று 1985இல் அன்றையப் பிரதமர் ராஜீவ் காந்தி கூறியதை நேயர்கள் கேட்டிருப்பீர்கள். ஒழுகும் குடத்தை அடைக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க இயலாது. நிவாரணப் பணத்தைத் திருடுபவன் பசித்தவன் வாயிலிருந்து பறிக்கிறான். ஆனால் ஒழுகலை அடைத்தவுடன் வேலை முடிந்தது என்று எண்ணக்கூடாது. ஒரு காசும் ஒழுகாமல் ஒரு ராத்தல் தானியம் முழுதாக அந்தக் கூலியாளின் மடியில் விழுந்திருந்தாலும், அவன் அப்போதும் பட்டினிதான்.

பொருளின் தன்மையும் கணக்கில் சேரும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை நாகப்பட்டினம் முதலிய கடற்கரை ஜில்லாக்களைத் தாக்கியபோது, நாடெங்கும் மக்கள் மனமுருகிப் பொருள் அனுப்பினர். லாரி லாரியாகப் பழந்துணிகள் வந்தன. கிழிந்தவையும் அழுக்கேறியவையும் அவற்றுள் இருந்தன. கடலோர மக்களின் வழக்கத்துக்கு ஒவ்வாத உடைகளும் இருந்தன. மீனவ மக்கள் உழைத்து உண்டவர்கள். பிறர் கழித்த துணியை உடுக்க அவர்கள் மனம் ஒப்பவில்லை. குவியல் குவியலாகத் துணிகள் சாலையோரம் கிடந்ததை அப்போது பத்திரிகைகளில் பலரும் பார்த்தோம். கொடுத்தவர்க்கு அத்துணி இலவசம். ஆனால் லாரிக்கு வாடகை உண்டு. ஏற்றவும் இறக்கவும் கூலி உண்டு. குப்பையை அகற்றவும் செலவு உண்டு. மருந்தும் குடிநீரும் வரவேண்டிய சாலையில் அந்த லாரிகள் இடத்தை அடைத்துக்கொண்டதும் ஒரு செலவே.

தில்லியில் 1999இல் தொடங்கப்பட்ட 'கூஞ்ச்' என்னும் நிறுவனம், அப்படி ஒதுக்கப்பட்ட ஆழிப்பேரலைத் துணிகளை எடுத்துத் தரம் பிரித்துப் பயன்படுத்தும் பணியில் ஈடுபட்டது. நகரத்தார் கழிக்கும் துணியைத் துவைத்து, பிரித்து, வேண்டிய ஊருக்கு வேண்டிய வகையை அனுப்புவதும், உடையாகப் பயன்படாததை வேறு பொருளாகத் தைப்பதும் அதன் முறை. கிணறு வெட்டுதல், பாதை செப்பனிடுதல் போன்ற ஊர்ப் பணிகளைக் கிராமத்தார் தாமே செய்து, அதற்கு ஊதியமாகத் துணியைப் பெறும் திட்டமும் அதற்கு உண்டு. பெறுபவரின் கௌரவமும் கணக்கில் ஒரு தொகை என்பதை அம்முறை ஒப்புக்கொள்கிறது. பிரிப்பதற்கும் துவைப்பதற்கும் ஆள் வேண்டும்; செலவு ஆகும். 'நிர்வாகச் செலவு' என்ற தலைப்பில் அதைக் கண்டவுடன் முகம் சுளிப்பவர் உண்டு. ஆனால் அந்தச் செலவைச் செய்யாததனால்தான் நாகைச் சாலையோரத்தில் துணி மலையாகக் கிடந்தது.

அப்படியானால் பொருளை விட்டுப் பணமாகவே கொடுத்துவிடலாமா? இதற்கும் தில்லியில் ஒரு சோதனை நடந்திருக்கிறது. அது பேரிடர் நிவாரணம் அன்று. ஆயினும் நம் கேள்விக்கு நெருங்கியது. 2011இல் மேற்குத் தில்லியின் ரகுபீர் நகரில், தில்லி அரசின் ஒத்துழைப்போடு 'சேவா' என்னும் பெண்கள் அமைப்பு, சுமார் 100 ஏழைக் குடும்பங்களுக்கு ரேஷன் பொருளுக்குப் பதிலாக மாதம் 1,000 ரூபாய் கொடுத்துப் பார்த்தது. பணம் குடியில் கரைந்துவிடும் என்று அஞ்சியவர்கள் அஞ்சியபடி நடக்கவில்லை. தானியம் வாங்குவது குலைந்துவிடவில்லை. பருப்பு, முட்டை போன்ற சத்துள்ள பொருள்களுக்குச் சில குடும்பங்கள் கூடுதலாகச் செலவிட்டன. அதே சமயம், பணம் வேண்டாம், ரேஷனே போதும் என்று சொன்ன குடும்பங்களும் அப்பகுதியில் பல இருந்தன. இரு சாராரும் தத்தம் நிலையை அறிந்தே சொன்னார்கள். அருகில் கடை இருந்து, கடையில் சரக்கும் இருக்கையில், பணம் கொடுப்பதே செலவு குறைந்த வழி. வெள்ளம் சூழ்ந்து கடைகள் மூழ்கிய ஊரில் கையில் இருக்கும் நோட்டைத் தின்ன முடியாது. விலை நாளுக்கு நாள் ஏறும் பஞ்சத்திலும் நேற்றைய பணம் இன்றைய பசியை ஆற்றாது. எது சிக்கனம் என்பது இடத்தையும் காலத்தையும் பொறுத்தது.

நான்காவது தேர்வாகிய நீதியைத் தொண்டர்கள் அனைவரும் சிந்திக்க வேண்டும். சாலையோர ஊருக்கு ஒரு மூட்டை அரிசி கொண்டுசேர்க்க ஆகும் செலவு குறைவு. சாலையில்லாத ஊருக்கு அதைப்போல் பல மடங்கு ஆகும். தலைக்கு ஆகும் செலவு ஒன்றையே பார்க்கும் அதிகாரி சாலையோரத்தோடு நின்றுவிடுவார். அவர் கணக்கும் அழகாக இருக்கும். ஆழிப்பேரலைக்குப் பின் மீனவக் குப்பங்களில் உதவி குவிந்தபோது, அதே கடற்கரையில் வாழ்ந்த நிலமற்ற கூலித் தொழிலாளருக்கும் இருளர் போன்ற பழங்குடியினருக்கும் அது பிந்தியே சென்றது. சில இடங்களில் செல்லவேயில்லை. படகு இழந்தவர்க்குப் படகு என்பது எளிய கணக்கு. படகே இல்லாமல், கரையில் கூலி வேலை செய்து பிழைத்தவர்க்கு என்ன இழப்பு என்று கண்டறிய, ஊர் ஊராகச் சென்று விசாரிக்கும் ஆள் வேண்டும். அந்த விசாரணைக்கு ஆகும் செலவும் நிவாரணத்தின் ஒரு பகுதியே.

எல்லாவற்றிலும் மேலான சிக்கனம், துன்பம் வருமுன் செய்யும் செலவு. இதற்கு ஒடிசா மாநிலமே சாட்சி. 1999 அக்டோபர் இறுதியில் அம்மாநிலத்தைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். அதன்பின் மாநில அரசு பேரிடர் மேலாண்மைக்கென்று தனி அமைப்பை ஏற்படுத்தியது. கடற்கரை நெடுகப் புயல் காப்பகங்கள் கட்டப்பட்டன. எச்சரிக்கை ஊர்க்கோடிவரை சென்று சேர வழி செய்யப்பட்டது. தொண்டர்கள் பயிற்சி பெற்றனர். 2013 அக்டோபரில் 'பைலின்' என்ற கடும்புயல் கோபால்பூர் அருகே கரை ஏறியபோது, சுமார் 10 லட்சம் பேர் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தனர். இறந்தவர் தொகை 50க்கும் குறைவு. இடைப்பட்ட 14 ஆண்டுகளில் புயலில்லாத ஓர் ஆண்டின் கணக்கை மட்டும் பார்த்திருந்தால், அந்தக் காப்பகங்கள் சும்மா கிடக்கும் கட்டடங்கள் என்றே தோன்றியிருக்கும். பல காப்பகங்கள் பள்ளிக்கூடங்களாகவும் பயன்பட்டன என்பது அவற்றைத் திட்டமிட்டவர்களின் மதிநுட்பத்தைக் காட்டுகிறது. பீஹாரில் மிஞ்சிய அரிசியைப் போலன்றி, நிகழாமற்போன சாவு எந்தப் பேரேட்டிலும் தானாக ஏறுவதில்லை. அதைத் தேடி எழுதுவதே நல்ல கணக்கனின் வேலை.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இது வெறும் சரித்திர விசாரணையன்று. 2015இல் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோதும், 2018இல் கஜா புயல் டெல்டா ஜில்லாக்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோதும், தில்லியிலும் பம்பாயிலும் பெங்களூரிலும் தமிழர்கள் பொருள் திரட்டி அனுப்பினர். இனியும் அனுப்புவோம். நம் சங்கங்களின் செயற்குழு அடுத்த முறை கூடும்போது, 'எத்தனை மூட்டை அனுப்பினோம்' என்பதோடு வேறு சில கேள்விகளையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அனுப்புமுன், அந்த ஊரார் கேட்டது என்ன என்று விசாரித்தோமா? நாம் கொடுப்பது ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாளைக்குப் போதும்? அந்த நாட்கள் தீர்ந்தபின் அவர்களுக்கு வேறு வழி உண்டா? நம் தொண்டர்கள் செல்லாத தெரு எது, ஏன் செல்லவில்லை? ஓராண்டு கழித்து யாரேனும் திரும்பிச் சென்று, அந்தக் குடும்பங்கள் எழுந்து நிற்கின்றனவா என்று பார்த்தார்களா? பெற்றவர்களே நம்மைப் பற்றிக் கணக்கெழுதினால் என்ன எழுதுவார்கள்? ஆயிரம் குடும்பங்களுக்கு ஆளுக்கொரு போர்வை கொடுத்தோம் என்று சொல்லிக்கொள்வதைவிட, நூறு குடும்பங்களை மறுபடி தொழிலில் நிறுத்தினோம் என்பது சில சமயம் சிறந்த கணக்காகலாம். உயிர் போகும் முதல் சில நாட்களில் அந்த ஆயிரம் போர்வையே சிறந்ததாகவும் இருக்கலாம். எந்த நேரத்துக்கு எது என்று ஆராய்ந்து தெளிவதே கொடுப்பவரின் பொறுப்பு.

அளந்து போடுவது நம் மரபு. அதை விட்டுவிட வேண்டியதில்லை. கொடுப்பவன் கையில் மிஞ்சியது எவ்வளவு என்று 1877இல் டெம்பிள் அளந்தார். வாங்குபவன் உடம்பில் தங்கியது எவ்வளவு என்று கார்னிஷ் அளந்தார். இருவரிடமும் படி இருந்தது. நிவாரணக் கணக்கை யார் எழுதினாலும், கார்னிஷின் படியை முதலில் எடுத்துக்கொண்டு, டெம்பிளின் படியை அதற்குப் பின் எடுப்பதே முறை.